பட்டு ஊரில் ஒரு 'பகீர்' நாவல்!

ஒரு சின்ன டெஸ்ட். கண்ணை மூடிக்கிட்டு 'பயங்கரமான எதிர்காலம்'னு நினைச்சுப் பாருங்க. என்ன வருது? நியூயார்க் தண்ணியில் மூழ்குது. மேலே நாலு ஹெலிகாப்டர். ஹீரோ இங்கிலீஷில் கத்திக்கிட்டே ஓடுறார். கரெக்டா?

சரி, கண்ணைத் திறங்க. அந்தப் படத்தில் ஆரணி பஸ் ஸ்டாண்ட் ஏன் வரலை? தறிச் சத்தம் ஏன் கேட்கலை? உலகம் அழியுறதுன்னா அது அமெரிக்காவில்தான் அழியணும்னு ஏதாவது சட்டம் இருக்கா என்ன?

தண்ணியும் மண்ணும் கெட்டுப்போன ஒரு நாளைக்குள் நம்மைத் தள்ளிவிட்டு, 'இப்ப தப்பிச்சுக்கோ பார்க்கலாம்'னு கதவைச் சாத்துற சயின்ஸ் ஃபிக்ஷன் த்ரில்லர்கள் உலகம் முழுக்க வந்துக்கிட்டே இருக்கு. அப்படி ஒரு நாவல் நம்ம ஊரில் நடந்தா எப்படி இருக்கும்? இந்த வாரம் அதைத்தான் பேசப் போறோம்.

ஜீனோ சொன்னதும் சொல்லாததும்

தமிழில் இந்த ரகத்துக்கு அண்ணன் யாருன்னு கேட்டா, கண்ணை மூடிக்கிட்டுக் கை காட்டலாம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. வாரா வாரம் காத்திருந்து படிச்ச சித்தியோ மாமாவோ உங்க வீட்டிலேயே இருப்பாங்க, கேட்டுப் பாருங்க.

கதை நடப்பது 2022-ஐ ஒட்டி. ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. குழந்தை பெத்துக்க அரசாங்கம் அனுமதி தரணும். பெயர்கூட இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது. நிலா என்ற சாதாரணப் பெண் தன் கணவனைத் தேடிக் கிளம்புகிறாள். கூடவே, புத்தகம் படிக்கிற இயந்திர நாய் ஜீனோ! முடிவைச் சொல்ல மாட்டேன், படிக்காதவங்க என்னை அடிப்பாங்க. 'மீண்டும் ஜீனோ'ன்னு இரண்டாம் பாகமும் இருக்கு.

நிஜ 2022 வந்தது, போயிடுச்சு. வீட்டுக்குள்ளே வந்து பேசுற திரையை சுஜாதா கரெக்டா பிடிச்சிருந்தார். அந்தக் கதையின் பயம் எல்லாம் ஆட்சியைப் பற்றியது. ஆனா இன்னைக்கு நம்ம பக்கத்தில் பயம் வேற இடத்தில் இருந்து வருது. குழாயில் இருந்து!

கற்பனையே தேவையில்லை பாஸ்!

கிம் ஸ்டான்லி ராபின்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2020-இல் 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃப்யூச்சர்'னு ஒரு நாவல் எழுதினார. முதல் அத்தியாயம் எங்கே நடக்குது தெரியுமா? நம்ம உத்தரப்பிரதேசத்தில். மனுஷனால் தாங்கவே முடியாத ஒரு வெப்ப அலை. எங்கேயோ இருக்கிறவர் உ.பி-யை எழுதிட்டார். நம்ம ஆத்தை யார் எழுதப் போறாங்க?

'கதைக்கு மேட்டர் கிடைக்கலை'ன்னு மட்டும் சொல்லாதீங்க. மூணு ஸீன் தர்றேன். மூணும் நடந்தவை.

ஸீன் 1: 2019 ஜூலை. சென்னையின் ஏரிகள் வறண்டு கிடக்கின்றன. ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன் கோர்த்த ரயில் ஒன்று கிளம்புது. பயணிகள் யாரும் கிடையாது. உள்ளே சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் மட்டும்தான்.

ஸீன் 2: திருப்பூர் பக்கம், நொய்யல் ஆத்தின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடிச்சாங்க. ஆனா தேங்கியது சாயத் தண்ணி. 'அணையைத் திறந்து விடுங்க'ன்னு கேட்கிற விவசாயியைத்தானே பார்த்திருக்கோம்? இங்கே 'திறக்காதீங்க'ன்னு கெஞ்சினாங்க. இந்தத் திருப்பூர் சாயத்தை வெச்சு சுப்ரபாரதிமணியன் எழுதிய 'சாயத்திரை' நாவலைத் தேடிப் படிங்க.

ஸீன் 3: ஆரணியில் ஆற்காடு பஸ் ஏறுங்க. ஆற்காட்டைத் தாண்டி பாலாத்துப் பாலத்தைக் கடந்தா ராணிப்பேட்டை. 2015 ஜனவரி 31, விடியறதுக்கு முன்னாடி. தோல் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிஞ்சது. சேறாகப் பாய்ந்த கழிவில் 10 தொழிலாளிகள் இறந்துபோனாங்க. தூங்கிக்கிட்டு இருந்தவங்க. எந்தத் த்ரில்லர் எழுத்தாளரும் இதை எழுதக் கை நடுங்குவார்.

இதே பாலாத்துப் பகுதியின் தோல் கழிவு பற்றி 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் ஆழமாக வேர் விட்ட வழக்கு அது. சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் முழுசாகவோ பாதியாகவோ கெட்டுப்போச்சு என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. 29 வருஷம் கழிச்சு, 2025 ஜனவரியில் அதே ஆறு, அதே கழிவு, அதே நீதிமன்றத்தில் மறுபடியும் ஒரு தீர்ப்பு. படத்தில் ஹீரோ ஒரே நாளில் மாட்டிக்கிட்டுத் திரும்பத் திரும்ப வாழ்வாரே... அந்தக் கதைதான். என்ன, இங்கே மாட்டிக்கிட்டது ஒரு ஆறு.

வில்லன் யாரு?

இப்ப ஆரணிக்கு வருவோம். இங்கேதான் கதை சூடு பிடிக்குது.

ஹாலிவுட்டில் வில்லன் ஈஸி. கண்ணாடிக் கட்டடம், கோட் சூட், ஒரு பூனைக்குட்டி. நம்ம ஊரில் அப்படி இல்லை. புவிசார் குறியீடு வாங்கிய ஆரணிப் பட்டு எப்படிப் பளபளக்குதுன்னு தறி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மத்தவங்களுக்காகச் சொல்றேன். பட்டு நூல் மேலே இயற்கையாகவே ஒரு பசை இருக்கும். நூலின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு அதுதான். சோப்பும் சோடாவும் போட்ட சுடுதண்ணியில் வேகவெச்சு அதை எடுப்பாங்க. அப்புறம் கொதிக்கிற சாயத் தண்ணியில் முக்கி முக்கி நிறம் ஏத்துவாங்க. அப்புறம் அலசல். அதுக்கப்புறம்தான் பாவு, ஊடை, ஜரிகை எல்லாம்.

இவ்வளவு தண்ணியும் எங்கே இருந்து வருது? வேலை முடிஞ்சதும் எங்கே போகுது? இந்த ரெண்டு கேள்விதான் உங்க நாவலின் முதல் அத்தியாயம்.

சாயம் போடுறவருக்குத் தெரிஞ்ச இன்னொரு உண்மை இருக்கு. உப்புத் தண்ணியில் நிறம் சரியாகப் பிடிக்காது. திட்டுத்திட்டாகும், மங்கும். அதாவது, தண்ணியைக் கெடுக்கக்கூடிய தொழிலே தண்ணி கெட்டா முதல்ல படுத்துக்கும். குற்றவாளியும் அதே வீட்டில், பாதிக்கப்பட்டவரும் அதே வீட்டில். உங்க காலேஜ் ஃபீஸும் அந்த வீட்டில் இருந்துதான் வருது! அம்மா நெய்யற புடவையை எதிர்த்து எழுதுவீங்களா? எழுதாம விட்டா நாளைக்கு எந்தத் தண்ணியில் சாயம் போடுவாங்க? கோட் சூட் வில்லனைவிட இது ஆயிரம் மடங்கு பெரிய சிக்கல். நல்ல நாவல் அங்கேதான் பிறக்கும்.

எழுதிப் பார்க்க ஒரு ஃபார்முலா

ரொம்ப சிம்பிள். எல்லாத்தையும் மாத்தாதீங்க. ஒரே ஒரு விதியை மட்டும் மாத்துங்க. சுஜாதா செஞ்சதும் அதைத்தான். 'குழந்தைக்கு அனுமதி வேணும்'னு ஒரு விதி, மத்ததெல்லாம் தானா வந்து நிக்குது.

உங்க விதி இப்படி இருக்கலாம்: ஆரணியில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம்தான். ஒன்று குடிக்க, சோறு வடிக்க. இன்னொன்று தொழிலுக்கு. முகூர்த்தப் புடவைக்கு ஆர்டர் வருது. பாட்டிக்கு ஜுரம். ரெண்டாவது குடம் யாருக்கு? ராக்கெட் வேண்டாம், ரோபோ வேண்டாம். படிக்கிறவனுக்குத் தொண்டை வறண்டுடும்.

க்ளைமாக்ஸ் கையிலேயே இருக்கு

'எல்லாம் அழிஞ்சுபோச்சு, சுபம்'னு முடிச்சிடாதீங்க, ப்ளீஸ்! ஆரணியைத் தொட்டுப் போகும் ஆத்தின் பெயர் கமண்டல நாகநதி. செய்யாத்தில் சேர்ந்து, அதுவும் கடைசியில் பாலாத்துக்குத்தான் போகுது. அந்தப் பெயரில் பாதியாக இருக்கும் நாகநதி பல வருஷம் வறண்டு கிடந்தது. வேலூர், திருவண்ணாமலை மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் மண்வெட்டியோடு இறங்கினாங்க. நூறு நாள் வேலைத் திட்டத்தின் கீழ் நீர் செறிவூட்டும் கிணறு வெட்டினாங்க, தடுப்பணை கட்டினாங்க. தண்ணி திரும்பி வந்தது. 2021 செப்டம்பரில் பிரதமரின் 'மன் கீ பாத்' வானொலி உரையில் இந்தப் பெண்களின் கதை நாடு முழுக்க ஒலிச்சது.

கவனிச்சீங்களா? ஜீனோவும் இல்லை, ஹெலிகாப்டரும் இல்லை. தலையில் துண்டு கட்டிய அத்தைகளும் அக்காக்களும்தான் ஹீரோ. ஒரே ராத்திரியில் ஜெயிக்கலை, வருஷக்கணக்கில் குழி வெட்டினாங்க.

அடுத்த லீவில் ஊருக்குப் போறப்ப ஒரு வேலை செய்ங்க. சாயப்பட்டறைப் பக்கம் போய், வெளியே வர்ற தண்ணி எந்தக் கால்வாயில் இறங்குது, எங்கே போய்ச் சேருதுன்னு ஒரு சைக்கிளில் பின்னாடியே போய்ப் பாருங்க. வழியில் தாத்தா யாராவது உட்கார்ந்திருப்பார். 'தாத்தா, நீங்க சின்னப் பையனா இருந்தப்ப இந்த ஆத்தில் குளிச்சிருக்கீங்களா?'ன்னு கேளுங்க. அவர் சொல்றதை அப்படியே நோட்டில் எழுதுங்க.

நாவலின் முதல் வரி ரெடி. ரெண்டாவது வரியை நீங்க எழுதுங்க!