மூளைக்கு முறுக்கேற்ற ஒரு மாத்திரையா?

தேர்வுக்கு முந்திய வாரம் இரவு இரண்டு மணிக்கு விடுதியைச் சுற்றி நடந்து பாருங்கள். பாதி அறைகளில் விளக்கு எரியும். மேசைமேல் ஆறிப்போன கோப்பி-ஓ, பக்கத்தில் காலியான ஆற்றல் பான டின்கள். முதலாம் ஆண்டில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஓர் இரவு என் அறைத்தோழன், வேறு யாருக்கோ மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் பாதியை என்முன் நீட்டினான். "இதைப் போட்டா எட்டு மணி நேரம் அசையாம படிக்கலாம்டா" என்றான். நான் வாங்கவில்லை. அறிவினால் அல்ல, பயத்தினால். அது என்ன மாத்திரை என்று பிறகுதான் தேடிப் படித்தேன்.

அதன் பெயர் மெத்தில்ஃபெனிடேட். 'ரிட்டலின்' என்றால் பலருக்குத் தெரிந்திருக்கும். 1944இல் சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் உருவாக்கியது. அவருடைய மனைவியின் செல்லப் பெயரான ரீட்டாவே மருந்துக்கும் பெயராயிற்று. (மனைவிக்குப் பூ வாங்கித் தருபவர்களைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்!) நரம்பணுக்களுக்கு இடையே சுரக்கும் டோபமின் போன்ற வேதிப்பொருள்கள் உடனே உள்ளிழுக்கப்படாமல் இது தடுக்கிறது. ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கு இது உண்மையான மருந்து; அவர்கள் அதை உட்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குறைபாடு இல்லாதவர் போட்டுக்கொண்டால்? 2023இல் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடல்நலமுள்ள 40 பேரை வைத்துச் சோதித்தார்கள். கணினி மாணவர்களுக்குப் பழக்கமான புதிர்தான். குறிப்பிட்ட எடையை மட்டுமே தாங்கும் ஒரு பை; எடையும் மதிப்பும் வேறுபடும் பல பொருள்கள்; எவற்றை எடுத்தால் மொத்த மதிப்பு கூடும்? மெத்தில்ஃபெனிடேட், மோடஃபினில், டெக்ஸ்ட்ரோஆம்ஃபெட்டமின் ஆகிய மூன்றையும் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்கள். மருந்து எடுத்தபோது அவர்கள் அதிக நேரம் உழைத்தார்கள், பொருள்களை அதிக முறை மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஆனால் அந்த உழைப்பின் தரம் குறைந்தது. மருந்தில்லாமல் சராசரிக்கு மேலே இருந்தவர்களில் பலர் மருந்தோடு சராசரிக்குக் கீழே போனார்கள்.

இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறும், பசி போகும், தூக்கம் கெடும் என்பவை தனி. 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள் இது. ஒருவருக்கு எழுதிக் கொடுத்ததை நண்பனுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது பெருந்தன்மை ஆகாது. சட்டச் சிக்கல் ஆகும்.

சரி, கோப்பிக்கு வருவோம். அதை விடச் சொன்னால் என்னை யாரும் மதிக்க மாட்டீர்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும்; அதுதான் களைப்பைச் சொல்லும் தூதுவன். கஃபீன் அது அமரவேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. களைப்பு போவதில்லை, செய்திதான் வந்து சேர்வதில்லை. கடன்காரன் கதவைத் தட்டும்போது காதைப் பொத்திக்கொள்வதைப் போல. உடலில் கஃபீன் பாதியாகக் குறையச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்ததில் பாதி, விடியற்காலை மூன்று மணிக்கும் உள்ளே இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கே ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கம் பறிபோனதை 2013இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அந்தத் தூக்கத்தில்தான் பகலில் படித்தது நினைவில் ஊன்றுகிறது. 1997இல் வெளிவந்த இன்னொரு ஆய்வின்படி, 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. காலை ஏழு மணிக்கு எழுந்தவர் நள்ளிரவில் கணக்குப் போடுவதை நினைத்துப் பாருங்கள்.

மலிவான வழி ஒன்று இருக்கிறது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் மாணவர்களை இரண்டு விதமாகப் படிக்க வைத்தார்கள். ஒரு தரப்பு திரும்பத் திரும்ப வாசித்தது. மறு தரப்பு புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

அந்தப் பாதி மாத்திரையை என் அறைத்தோழனே போட்டுக்கொண்டான். சொன்னபடியே எட்டு மணி நேரம் நாற்காலியை விட்டு அசையவில்லை. விடிந்ததும் எட்டிப் பார்த்தேன். மூன்றாம் அத்தியாயக் குறிப்புகளை நான்கு வண்ண மையில், கோடு போட்டு, அழகாகத் திருப்பி எழுதி முடித்திருந்தான். மூன்றாம் அத்தியாயம் மட்டும்தான்.