ரேஸ் கிளட்ச், ஓஎம்ஆர் ட்ராஃபிக்: பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

மாலை 6.45 மணி. ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூர் சந்திப்பை நோக்கி வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக். இரண்டடி நகர்கிறது, குலுங்குகிறது, நிற்கிறது. மறுபடி இரண்டடி, மறுபடி குலுக்கல். ‘புதுசா வண்டி கத்துக்கிறாங்க போல’ என்று பின்னால் இருப்பவர் நினைக்கிறார். ஆனால் உள்ளே இருப்பவர் பத்து வருடமாக கார் ஓட்டுபவர். போன வாரம்தான் வண்டிக்குப் புது கிளட்ச் மாட்டியிருக்கிறார். அதுவும் ‘பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச்’.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் காரை ரீமேப் செய்து, பவரைக் கூட்டி, அதற்கேற்ற கிளட்ச்சையும் போட்டு, அதே காரில் தினமும் ஆபீஸ் போகிறவர்கள் இந்தக் குலுக்கலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். பவர் ஏறியது சரி. அதை தினமும் தாங்குவது வண்டியா, இடது காலா? பார்க்கலாம்.

கிளட்ச் என்னதான் செய்கிறது?

இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான வட்டம் ஃப்ளைவீல். அதன் மேல் அழுந்தி நிற்பது கிளட்ச் பிளேட். அந்த பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பது பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங்கைத் தள்ளும், பிடி தளரும். காலை எடுத்தால் பிடி திரும்ப வரும்.

ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க்கைத் தாங்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன. பிளேட்டின் உராய்வு, அழுத்தும் விசை, பிளேட்டின் அகலம், உராயும் பக்கங்களின் எண்ணிக்கை. கிளட்ச் கம்பெனிகள் விற்கும் எல்லா ‘அப்கிரேடு’களும் இந்த நான்கில் ஏதோ ஒன்றைக் கூட்டுவதுதான். கூட்டிய ஒவ்வொன்றுக்கும் ஓட்டுபவர் வேறு எங்கோ விலை கொடுக்கிறார்.

ஒரிஜினல் கிளட்ச் ஏன் போதாமல் போகிறது?

உதாரணத்துக்கு, கம்பெனியிலிருந்து 250 நியூட்டன் மீட்டர் டார்க்கோடு வரும் ஒரு டர்போ டீசல் ஹேட்ச்பேக்கை எடுத்துக்கொள்வோம். ரீமேப்புக்குப் பிறகு அது 320-ஐத் தொடுகிறது என்றால், 28 சதவீதம் கூடுதல். கம்பெனி கிளட்ச்சில் கொஞ்சம் ‘மார்ஜின்’ இருக்கும். ஆனால் 60,000 கிலோமீட்டர் ஓடி, சூடுபட்டு, தேய்ந்த பிளேட்டில் அந்த மார்ஜின் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

டர்போ டீசலில் இன்னொரு சிக்கல். முழு டார்க்கும் 2,000 ஆர்பிஎம் பக்கத்திலேயே வந்துவிடும். ஐந்தாவது கியரில், ஹைவேயில், லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் சட்டென்று எகிறும்; வேகம் மட்டும் அதற்கேற்ப ஏறாது. இதுதான் கிளட்ச் ஸ்லிப். எதிரே வண்டி வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஸ்லிப் ஆகும் கிளட்ச்சை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது. அதை மாற்றுவதில் சந்தேகமே வேண்டாம். எதைப் போடுவது என்பதில்தான் நிதானம் வேண்டும்.

‘ஸ்டேஜ் 2’, ‘ஸ்டேஜ் 3’ என்றால் என்ன?

கடைகளில் முதலில் காதில் விழும் வார்த்தை இதுதான். ஆனால் எல்லா கம்பெனிக்கும் பொதுவான ‘ஸ்டேஜ்’ அளவுகோல் என்று எதுவும் கிடையாது. ஒருவர் ஸ்டேஜ் 2 என்பதை இன்னொருவர் ஸ்டேஜ் 1 என்று விற்கலாம். அதனால் ‘எந்த ஸ்டேஜ்?’ என்று கேட்பதைவிட, ‘எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், பிளேட் என்ன மெட்டீரியல், ஹப்பில் ஸ்பிரிங் இருக்கிறதா?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடையில் வாங்குவதை யோசிக்க வேண்டும்.

பிளேட்டில் இருக்கும் சரக்கு

ஆர்கானிக்: கம்பெனி கார்களில் வருவது பெரும்பாலும் இதுதான். மெதுவாகப் பிடிக்கும், ஓட்டுபவரின் சின்னத் தவறுகளை மன்னிக்கும். அதிகம் சூடானால் பிடி குறையும். கருகல் வாசனை வரும்.

கெவ்லர் வகை: நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பதும் ஓரளவு மிருதுவாக இருக்கும். ஆனால் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். ஒருமுறை மோசமாகச் சூடாகி மேற்பரப்பு கண்ணாடி மாதிரி வழுக்க ஆரம்பித்தால் பழையபடி மீள்வது கடினம்.

செராமிக், செராமெட்டாலிக் ‘பக்’ வகை: முழு வட்டமாக இல்லாமல் மூன்று, நான்கு அல்லது ஆறு திட்டுகளாக இருக்கும். சூட்டை அசராமல் தாங்கும், பிடியும் முரட்டுத்தனமானது. ஆனால் லைட் ஸ்விட்ச் மாதிரி: ஒன்று ஆன், இல்லை ஆஃப். நடுவில் ‘ஹாஃப் கிளட்ச்’ என்ற இடமே கிட்டத்தட்ட இருக்காது. சோழிங்கநல்லூர் குலுக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். ஃப்ளைவீலின் முகத்தையும் இது சீக்கிரம் தேய்க்கும்.

பிளேட்டின் நடுவில் சின்னச் சின்ன சுருள் ஸ்பிரிங்குகள் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிளட்ச் பிடிக்கும்போது வரும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது அவைதான். அவை இல்லாத ‘சாலிட் ஹப்’ ரேஸ் டிராக்குக்கானது. ரோட்டில் அந்த அதிர்ச்சி நேராக கியர்பாக்ஸுக்கும், முதுகுக்கும் போகும்.

இடது காலின் கணக்கு

பிளேட்டை மாற்றாமல் அழுத்தும் விசையைக் கூட்டுவது இன்னொரு வழி. பிரஷர் பிளேட்டில் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். பிடிப்பு மிருதுவாகவே இருக்கும். ஆனால் பெடல் கனமாகும்.

எளிமையான கணக்கு ஒன்று போடலாம். ட்ராஃபிக்கில் ஆபீஸ் போக 150 முறை, வர 150 முறை கிளட்ச் மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 22 வேலை நாட்களுக்கு 6,600 மிதி. ஒவ்வொரு மிதிக்கும் 5 கிலோ விசை கூடினால், இடது கால் மாதத்துக்கு 33 டன் கூடுதலாகத் தள்ளுகிறது. ஷோரூம் வாசலில் இரண்டு ரவுண்டு ஓட்டிப் பார்க்கும்போது ‘செம்ம ஃபீல்’ என்று தோன்றுவது, மூன்றாவது வாரம் முழங்கால் வலியாக மாறுவது இப்படித்தான்.

வலி காலோடு நிற்பதில்லை. பெடலுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர், கீழே இருக்கும் ஸ்லேவ் சிலிண்டர், ரிலீஸ் பேரிங், இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட்டை முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் வாஷர் என எல்லாவற்றின் மீதும் அந்தக் கூடுதல் விசை விழுகிறது. சிக்னலில் கியரைப் போட்டுக்கொண்டு கிளட்ச்சை மிதித்தபடியே 90 விநாடி நிற்பவர்களின் வண்டியில் இவை சீக்கிரம் தேயும்.

இந்த கனத்தைக் குறைக்க ‘ட்வின் பிளேட்’ என்று ஒன்று உண்டு. இரண்டு பிளேட், நான்கு உராயும் பக்கங்கள். அதனால் அதே டார்க்கைத் தாங்க பாதி அழுத்தம் போதும். பெடல் லேசாக இருக்கும். விலை எகிறும். பெடலை மிதிக்கும்போது பாத்திரக் கடை மாதிரி கலகல சத்தமும் வரலாம்.

ஃப்ளைவீலை மறந்தால் சிக்கல்

இன்றைய பல டீசல் கார்களில் இருப்பது ‘டூயல் மாஸ்’ ஃப்ளைவீல். ஒரே வட்டமாக இல்லாமல் இரண்டு பாகங்கள். நடுவில் வளைந்த ஸ்பிரிங்குகள். டீசல் இன்ஜினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் வடிகட்டுவது இதன் வேலை. 1980-களில் ஜெர்மனியின் ‘லூக்’ நிறுவனம் பரவலாக்கிய தொழில்நுட்பம் இது. அதே பெயரில் நம்ம ஓசூரிலும் கிளட்ச் தொழிற்சாலை உண்டு. இப்போது அது ஷாஃப்லர் குழுமத்தில் இருக்கிறது.

இந்த டூயல் மாஸ் விலை அதிகம், தேய்ந்தால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும். அதனால் பல பெர்ஃபார்மன்ஸ் கிட்களில் இதைக் கழற்றிவிட்டு ‘சிங்கிள் மாஸ்’ கொடுப்பார்கள். வலுவானது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் வடிகட்டி போய்விட்டது. நியூட்ரலில் நிற்கும்போது கியர்பாக்ஸிலிருந்து ‘கடகட’ சத்தம், குறைந்த ஆர்பிஎம்மில் ஸ்டீயரிங் வரை நடுக்கம். எடை குறைந்த ஃப்ளைவீலாக இருந்தால் கிளட்ச் விடும்போது வண்டி சட்டென்று ஆஃப் ஆகும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் ராம்ப்பில் ஏறும்போது இது தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில், பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று மறுபடி கிளம்பும்போது நன்றாகவே தெரியும்.

‘வேற யாரும் ஓட்ட முடியாது’

பெர்ஃபார்மன்ஸ் கிளட்ச் போட்டவர்கள் பெருமையாகச் சொல்லும் வரி ஒன்று உண்டு: ‘என் வண்டியை என்னைத் தவிர வேற யாரும் ஓட்ட முடியாது மச்சான்.’

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் இருப்பது அந்த ஒரு கார் மட்டும் என்றால்? இரவு 2 மணிக்கு உங்களுக்கே நெஞ்சு வலி வந்து, மனைவியோ அப்பாவோ ஓட்ட வேண்டிய நிலை வந்தால்? வீட்டு கேட்டைத் தாண்டுவதற்குள் மூன்று முறை வண்டி ஆஃப் ஆனால்? ஹோட்டல் வேலே பார்க்கிங், சர்வீஸ் சென்டர் டிரைவர், நாளை வண்டியை வாங்க வந்து டெஸ்ட் டிரைவ் கேட்பவர் என எல்லோருக்கும் இதே கதைதான்.

குடும்ப காரில் கிளட்ச் மாற்றுவது ஒருவர் மட்டும் எடுக்கும் முடிவாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

முதல் 800 கிலோமீட்டர்

புது கிளட்ச் பிளேட்டும் ஃப்ளைவீலும் ஒன்றோடொன்று பழக வேண்டும். பொதுவாகச் சொல்லப்படுவது சுமார் 800 கிலோமீட்டர், அதுவும் நின்று நின்று போகும் சிட்டி ஓட்டம். ஹைவேயில் ஒரே கியரில் 800 ஓட்டினால் அது கணக்கில் வராது. கிளட்ச் பிடித்து விடும் எண்ணிக்கைதான் முக்கியம். இந்த நாட்களில் சிக்னலில் சீறிக் கிளம்புவது, முழு த்ராட்டில் எல்லாம் கூடாது. ‘போட்ட அன்னைக்கே டெஸ்ட் பண்ணிடலாம்’ என்று முழு டார்க்கைக் கொடுத்து, புது பிளேட்டைக் கருக்கியவர்களின் பணம் ஒரே இரவில் போயிருக்கிறது.

அதற்குப் பிறகும் சில பழக்கங்கள் தேவை. சிக்னலில் நியூட்ரல் போட்டு காலை எடுத்துவிடுங்கள். மேட்டில் ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தாமல் ஹேண்ட் பிரேக் போடுங்கள். ஊரும் ட்ராஃபிக்கில் முன்னால் கொஞ்சம் இடைவெளி விட்டு, கிளட்ச்சை முழுசாக விட்டு, முதல் கியரில் உருண்டு போங்கள்.

பில், வாரண்டி, சட்டம்

கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கூலியில் பெரிய பங்கு அதற்கே போய்விடும். அதனால் இறக்கும்போதே ரிலீஸ் பேரிங்கையும் மாற்றி, ஆயில் சீல் கசிகிறதா என்று பார்த்து, ஃப்ளைவீல் முகத்தையும் சோதிப்பதுதான் புத்திசாலித்தனம். 500 ரூபாய் சீலுக்காக இரண்டாவது முறை கியர்பாக்ஸ் இறக்குவது வயிற்றெரிச்சல்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கிளட்ச் பிளேட் ஆர்.சி.யில் இருக்கும் விஷயம் அல்ல. ஆனால் அதற்குக் காரணமான ரீமேப், இன்ஜினின் பவரையும் புகையையும் மாற்றுகிறது. வாரண்டி காலத்தில் கியர்பாக்ஸில் பிரச்சினை வந்தால் கம்பெனி கையை விரிக்கலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுவதே பாதுகாப்பு. க்ளெய்ம் நேரத்தில் தெரியவந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

அப்போ எதைப் போடுவது?

ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டி என்றால் செராமிக் போடுங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் ஓடும் கார் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில், ரீமேப் செய்பவரிடம் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கைக் கொஞ்சம் அடக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருக்கும் கம்பெனி கிளட்ச்சே அதற்குப் போதுமானதாக இருக்கலாம்.

போதவில்லை என்றால், அதே குடும்பத்தில் அதிக டார்க் உள்ள மாடலின் கம்பெனி கிளட்ச் பொருந்துமா என்று விசாரியுங்கள்.

அதுவும் இல்லை என்றால், ஸ்பிரிங் ஹப் கொண்ட ஆர்கானிக் பிளேட்டும் கொஞ்சம் வலுவான பிரஷர் பிளேட்டும். உங்கள் வண்டியின் டார்க் 320 என்றால் 380, 400 தாங்கும் கிளட்ச் போதும். 600 தாங்குவதை வாங்கினால் பயன்படாத அந்த மிச்சத்துக்கும் தினமும் ட்ராஃபிக்கில் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசியாக, பணம் கட்டும் முன் ஒரு டெஸ்ட். அதே கிளட்ச் போட்ட காரை யாரிடமாவது கேட்டு வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலை காலியான ஈசிஆரில் ஓட்டாமல், வெள்ளிக்கிழமை மாலை 6.45-க்கு ஓட்டிப் பாருங்கள். பாதி வழியில் ஸ்டீயரிங்கை வீட்டில் கார் ஓட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள். அவர் வண்டியை ஆஃப் செய்யாமல் சிக்னலைத் தாண்டிவிட்டால், தாராளமாக ஆர்டர் போடலாம்.