முதலில் வயிறு, பிறகு தட்டு

ஆட்டிசம் உள்ள குழந்தை சாப்பிட மறுப்பதை அடம் என்றும் செல்லம் என்றும் சொல்லிவிடுகிறார்கள். இரண்டும் தவறு. ஆட்டிசத்தை மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்திய லியோ கேனரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே, 11 குழந்தைகளில் 6 பேருக்கு உணவூட்டுவது பச்சிளம் பருவம் முதலே பெரும்பாடாக இருந்தது பதிவாகியிருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஆராய்ச்சி, மற்றக் குழந்தைகளைவிட இவர்களுக்கு உணவுச் சிக்கல் ஐந்து மடங்கு அதிகம் என்றது. ஆனால் பெரும்பாலும் நாம் தட்டைத்தான் மாற்றிப் பார்க்கிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது வயிற்றை.

பிஸ்கட் ஏன் பிடிக்கிறது?

பாக்கெட் பிஸ்கட் என்றைக்கும் ஒரே மாதிரி நொறுங்கும். வீட்டுச் சாப்பாடு அப்படியா? நேற்றுச் சாம்பாரில் முருங்கைக்காய், இன்று கத்திரிக்காய். குழைந்த தயிர்சாதத்தின் நடுவே கடுகு கடிபடுகிறது, கறிவேப்பிலை நாக்கில் ஒட்டுகிறது. மணத்தையும் பதத்தையும் பன்மடங்கு கூர்மையாக உணரும் குழந்தைக்கு இவை ஒவ்வொன்றும் அதிர்ச்சி. அதனால்தான் வெள்ளைச் சோறு, பால், பிஸ்கட் என்று அது சுருங்கிக்கொள்கிறது.

சொல்லத் தெரியாத வலி

இந்தச் சுருங்கிய உணவில் நார்ச்சத்து இல்லை, மலம் இறுகுகிறது. ஒருமுறை வலித்தால் அடுத்த முறை குழந்தை அடக்கிக்கொள்ளும். அடக்க அடக்கக் குடல் விரிந்து, மலம் வரும் உணர்வே மங்கிப்போகும், பசியும் குறையும். இறுகிய மலத்தைச் சுற்றி நீராகக் கசிவதைப் பேதி என்று நினைத்து, பேதிக்கு மருந்து கொடுப்பவர்களும் உண்டு. வயிற்றுத் தொல்லை ஆட்டிசக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் அதிகம் என்கிறது 2014இல் வந்த தொகுப்பாய்வு. பேச்சு வராத குழந்தை வலியைச் சொல்லாது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தும், தன்னையே அடித்துக்கொள்ளும், இரவில் விழித்திருக்கும். இவற்றை ஆட்டிசத்தின் குணம் என்று ஒதுக்காமல் வயிற்றைச் சோதிக்க வேண்டும் என்று 2010இலேயே வல்லுநர் குழு ஒன்று வலியுறுத்தியது.

காய்கறியைத் திணித்தால் மலச்சிக்கல் தீராதா என்று கேட்கலாம். நார்ச்சத்து தேவைதான், ஆனால் அடைத்துக் கிடக்கும் குடலில் அதைத் திணித்தால் உப்புசமும் வலியும் கூடும்; காய்கறி என்றாலே வலி என்று குழந்தை கற்றுக்கொள்ளும். முதலில் மருத்துவர் சொல்லும் மலமிளக்கி. அதைப் பல மாதங்கள் தொடர வேண்டியிருந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது. சாப்பிட்டபின் சிறிது நேரம், காலுக்கு முட்டுக்கொடுத்துக் கழிப்பறையில் உட்கார வைப்பது நல்ல துணை.

பாலையும் கோதுமையையும் நிறுத்தலாமா?

நிறுத்தியதும் பிள்ளை தெளிந்தது என்று சொல்லும் பெற்றோர் பொய் சொல்லவில்லை. சில குழந்தைகளுக்குப் பசும்பாலே மலச்சிக்கலைத் தரும். வயிறு லேசானால் தூக்கம் வரும், முகமும் தெளியும். அதனால் ஆட்டிசம் குறைந்ததென்று ஆகாது. கட்டுப்பாடான ஆய்வுகளில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 247 குழந்தைகளின் மலத்தைச் சோதித்து 2021இல் வெளியான ஆய்வும், ஆட்டிசக் குழந்தைகளிடம் காணும் குடல் நுண்ணுயிர் வேறுபாட்டுக்குக் குறுகிய உணவுப் பழக்கமே காரணமாகத் தெரிகிறது என்றது. மூன்றே பொருள் தின்னும் குழந்தையிடமிருந்து பாலைப் பறித்தால் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் எங்கே போவது? ஒவ்வாமையோ, கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயோ பரிசோதனையில் உறுதியானால் மட்டும் மருத்துவர் துணையோடு நிறுத்தலாம்.

வயிறு அடங்கியபின்

இப்போது தட்டுக்கு வரலாம். ஏற்கெனவே பிடித்ததிலிருந்து ஒரே ஒரு அடி தள்ளிப் போக வேண்டும். வெறும் இட்லி தின்பவருக்குத் தனிக் கிண்ணத்தில் துளி பொடி. அதைத் தொட்டாலும் முகர்ந்தாலும் அன்றைக்கு அது போதும். பிடித்த சோற்றுக்குள் கீரையை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் சோறும் போய்விடும். சாதாரணக் குழந்தையே புது உணவைப் பத்துப் பதினைந்து முறை கண்டபின்தான் ஏற்கும், இவர்களுக்கு இன்னும் பல முறை ஆகலாம்.

பட்டினி போட்டால் தானாகச் சாப்பிடும் என்ற யோசனையை நான் முற்றாக மறுக்கிறேன். இவர்களில் பலருக்குப் பசி என்ற உணர்வே தெளிவாக எட்டுவதில்லை. மிகக் குறுகிய உணவால் வைட்டமின் சி வற்றி, ஸ்கர்வி வந்த ஆட்டிசக் குழந்தைகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. அது ஈறில் ரத்தமாகவோ நடக்க மறுக்கும் கால்வலியாகவோ வெளிப்படும். கால்வலி என்று மருத்துவரிடம் போகும்போது, குழந்தை என்னென்ன சாப்பிடுகிறது என்ற பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.