வயது முத்திரை மட்டும் போதுமா?



போன கூட்டமைப்புக் கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசி முடித்துத் தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்டாயிற்று. எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு உறுப்பினர் தயங்கித் தயங்கி ஒரு விஷயத்தைச் சொன்னார்.

"நான் தறியில உட்கார்ந்திருந்தேன். பையன் பக்கத்து ரூம்ல செல்லுல வெளையாடிட்டு இருந்தான். காதுல மாட்டுற ஒயரு கழண்டுடுச்சு போல. ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. காதால கேக்க முடியாத வார்த்தை. யாருடா அதுன்னு கேட்டா, 'தெரியாதும்மா, எங்க டீம்ல இருக்கிற அண்ணன்'னு சொல்றான். எம் புள்ளைக்குப் பதினொரு வயசு."

எழுந்தவர்கள் மறுபடியும் உட்கார்ந்துவிட்டோம். கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காகக் குழுக் கடன் வாங்கிச் செல்போன் எடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வகுப்பு முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. செல்போன் மட்டும் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. அதில் அவர்கள் என்னதான் விளையாடுகிறார்கள், அதில் பெரியவர்கள் சமாச்சாரம் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்கலாம் என்று நாம் உட்கார்ந்து பேசியதே இல்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறோம்.

அது என்ன விளையாட்டு?

இந்த விளையாட்டில் பிள்ளை ஒரு வேஷம் எடுத்துக்கொள்கிறது. வீரன், மந்திரவாதி, வில்லாளி, ராணி என்று எது வேண்டுமானாலும் ஆகலாம். ஒரு கற்பனை நாட்டுக்குள் போய்ச் சண்டை போடும், பொக்கிஷம் தேடும், கூட்டாளி சேர்க்கும். 'ரோல் பிளேயிங் கேம்' என்று இதைச் சொல்கிறார்கள். 1974-ல் அமெரிக்காவில் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் ஆட்டமாக வந்தது. பிறகு கம்ப்யூட்டருக்கு வந்தது. 1990-களின் கடைசியில் இன்டர்நெட் வழியாக ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஆடத் தொடங்கினார்கள். 2004-ல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' உலகம் முழுவதும் பரவியது. இன்றைக்கு 'ராப்லாக்ஸ்', 'கென்ஷின் இம்பாக்ட்' என்று செல்போனிலேயே வந்துவிட்டது. பப்ஜி, ஃப்ரீ ஃபயர் போன்ற துப்பாக்கி ஆட்டங்கள் வேறு வகை. ஆனால் முகம் தெரியாதவர்களோடு அணி சேர்ந்து பேசிக்கொண்டே ஆடுவது இரண்டிலும் ஒன்றுதான்.

வேஷம் கட்டுவது நமக்குப் புதிதா?

புதிதே இல்லை. நம் காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடந்தால் விடிய விடியப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்ப்போம். அதில் இல்லாத சண்டையா? துச்சாதனன் திரௌபதியின் சேலையைப் பிடித்து இழுக்கிறான். துரியோதனன் தொடை பிளந்து சாகிறான். கட்டியக்காரன் பச்சையாகவே கேலி பேசுவான். அதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கெட்டுப் போனதாக நாம் சொல்வதில்லை. கூத்துக் கலைஞர் பெருங்கட்டூர் ராஜகோபாலும் மற்றவர்களும் 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் ஒரு குருகுலமே நடத்தியது. அங்கே ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்று, வேஷம் கட்டி ஆடினார்கள்.

அப்படியென்றால் செல்போன் ஆட்டத்தில் மட்டும் என்ன தப்பு? நாம் யோசித்துப் பார்த்ததில் மூன்று வித்தியாசம் தெரிகிறது. கூத்தில் பிள்ளை நம் மடியில் இருக்கிறது. பயந்தால் அணைத்துக்கொள்கிறோம், புரியாவிட்டால் சொல்லித் தருகிறோம். செல்போனில் பிள்ளை தனியாக இருக்கிறது. கூத்தில் யார் எந்த வேஷம் என்று ஊருக்கே தெரியும். ஆட்டத்தில் பத்து வயதுப் பெண் வேஷத்துக்குப் பின்னால் இருப்பவர் நாற்பது வயது ஆணாகவும் இருக்கலாம். மூன்றாவது, கட்டியக்காரன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பேச்சை அளந்துகொள்வான். ஆட்டத்தில் பேசுகிறவனுக்கு எதிரே இருப்பது குழந்தையா, பெரியவரா என்றே தெரியாது. தெரிந்தே பேசுகிறவர்களும் உண்டு.

முத்திரை என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை?

ப்ளே ஸ்டோரில் எந்த விளையாட்டைத் திறந்தாலும் 3+, 7+, 12+, 16+, 18+ என்று ஒரு எண் இருக்கும். அந்த வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் அந்த ஆட்டம் என்று அர்த்தம். 1990-களின் தொடக்கத்தில் ரத்தம் தெறிக்கும் சண்டை ஆட்டங்கள் வந்தபோது அமெரிக்காவில் பெற்றோர்களிடம் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதனால் 1994-ல் அங்கே வயது முத்திரை வழங்க ஒரு வாரியம் அமைத்தார்கள். ஐரோப்பாவில் 2003-ல் வந்தது. செல்போன் ஆட்டங்களுக்கு, ஆட்டத்தைத் தயாரித்தவர் ஒரு கேள்வித்தாளுக்குப் பதில் எழுதித் தருகிறார். சண்டை இருக்கிறதா, ரத்தம் வருகிறதா, ஆபாசம் உண்டா, சூதாட்டம் உண்டா என்று கேட்பார்கள். அந்தப் பதிலை வைத்து எண் கொடுக்கப்படுகிறது.

இதை நம் தொழிலில் இருந்தே புரிந்துகொள்ளலாம். மத்திய பட்டு வாரியம் 2004-ல் 'சில்க் மார்க்' கொண்டுவந்தது. அந்த முத்திரை இருந்தால் பட்டு அசல் பட்டு. ஆனால் சரிகையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சரிகையை நாம்தான் சுரண்டிப் பார்க்கிறோம், உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று. வயது முத்திரையும் அப்படித்தான். ஆட்டத்தின் கதையையும் படத்தையும் பற்றித்தான் அது சொல்கிறது. கூட ஆடுகிறவர் என்ன பேசுவார் என்று சொல்லாது. அமெரிக்க வாரியமே, ஆன்லைனில் ஆடுகிறவர்களுக்குள் நடக்கும் பேச்சுக்கு எங்கள் முத்திரை பொருந்தாது என்று தனியாக அறிவிக்கிறது.

ஆகவே 12+ என்று போட்ட ஆட்டத்தில் 18+ பேச்சு வர முடியும். நம் உறுப்பினர் வீட்டில் நடந்தது அதுதான்.

ரத்தம் பச்சையானது, பேச்சு?

நம் நாட்டில் நடந்ததையே பாருங்கள். 2020 செப்டம்பரில் பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதே வகை ஆட்டம் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் வந்தது. இந்த முறை ரத்தத்தைச் சிவப்பாகக் காட்டாமல் பச்சை நிறத்தில் காட்டினார்கள். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் நாளைக்கு 3 மணி நேரம்தான் என்றும் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் ரத்தத்தின் நிறத்தை மாற்றலாம், பேசுகிறவன் வாயை யார் மாற்றுவது?

அதே 2021-ம் வருடம் ஜூன் மாதம், 'டாக்ஸிக் மதன் 18+' என்ற யூடியூப் சேனல் நடத்தியவரைச் சென்னைக் காவல்துறை தருமபுரியில் கைது செய்தது. பப்ஜி ஆடிக்கொண்டே பெண்களைப் பற்றி ஆபாசமாகப் பேசினார் என்று புகார். கேட்டவர்களில் நிறையப் பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதுதான் பெற்றோர்களைக் கலங்க வைத்தது. சேனலின் பெயரிலேயே 18+ இருந்தது. அந்த எண் எந்தப் பிள்ளையையும் தடுக்கவில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். 'ஃபோர்ட்நைட்' என்ற ஆட்டத்தை நடத்தும் எபிக் நிறுவனம் 2022 டிசம்பரில் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையத்துக்கு 52 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆணையம் சொன்ன குற்றங்களில் ஒன்று, பிள்ளைகளுக்கும் குரல் பேச்சு தானாகவே திறந்திருந்தது என்பது. இனிமேல் சிறுவர்களுக்கு அது மூடியே இருக்க வேண்டும், வேண்டுமென்றால்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

காசும் பெரியவர்கள் சமாச்சாரம்தான்

ஆபாசமும் ரத்தமும் மட்டும்தான் பெரியவர்கள் விஷயம் என்று நினைக்கக் கூடாது. பல ஆட்டங்களில் 'பரிசுப் பெட்டி' விற்கிறார்கள். காசு கொடுத்துத் திறந்தால் உள்ளே என்ன வரும் என்று தெரியாது. நல்ல வாள் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். நம்மூரில் குலுக்கல் சீட்டு என்று சொல்வோமே, அதேதான். கென்ஷின் இம்பாக்ட் ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் இந்த விஷயத்தில் 2025 ஜனவரியில் அதே அமெரிக்க ஆணையத்துக்கு 2 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் அந்தப் பெட்டியை விற்கக் கூடாது என்றும் முடிவானது.

தமிழ்நாட்டில் 2022-ல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கச் சட்டம் நிறைவேற்றியது. இவை ரம்மி போன்ற பண ஆட்டங்களைக் குறிவைத்தவை. நம் பிள்ளை ஆடும் ஆட்டத்தில் என்ன பேச்சு வருகிறது என்பதை இந்தச் சட்டங்கள் வந்து பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும்.

அப்படியானால் எவ்வளவு இருக்கலாம்?

இது சட்டம் இல்லை, கூட்டத்தில் நாங்கள் பேசி வந்த கருத்து. கதையில் சண்டை, சாவு, காதல், துரோகம் இருக்கலாம். பாரதத்தில் இருப்பதுதானே! முத்திரையில் உள்ள வயதுக்கு ஏற்றபடி பிள்ளைகள் ஆடட்டும். பெரியவர்களுக்கு என்றே உள்ள ஆட்டத்தில் பெரியவர் விஷயம் இருந்தால் அதை நாம் குறை சொல்லவில்லை. பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே பந்தலில் கண்ணைக் கட்டி உட்கார வைப்பதுதான் தப்பு. 13 வயதுக்குக் கீழ் என்றால் முகம் தெரியாதவர்களோடு பேச்சே வேண்டாம். அதற்கு மேல் 18 வரை, தெரிந்த நண்பர்களோடு மட்டும் பேசலாம். காசு எந்த வயதிலும் அம்மா அப்பாவைக் கேட்டுத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

1. ப்ளே ஸ்டோரைத் திறந்து மேலே உள்ள வட்டப் படத்தை அழுத்துங்கள். 'செட்டிங்ஸ்', அதற்குள் 'ஃபேமிலி', அதற்குள் 'பேரன்டல் கண்ட்ரோல்ஸ்' வரும். நான்கு எண் ரகசியக் குறி போட்டு, பிள்ளையின் வயதுக்கு ஏற்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கனவே ஏற்றி வைத்திருக்கும் ஆட்டங்களை நாமே பார்த்து எடுக்க வேண்டும்.

2. வயது எண்ணோடு நிறுத்தாதீர்கள். ஆட்டத்தின் விவரத்தில் சின்ன எழுத்தில், ஆடுகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசலாம், உள்ளே பொருள் வாங்கலாம் என்று போட்டிருக்கும். ஆங்கிலத்தில் இருந்தால் மூத்த பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள்.

3. ஆட்டத்தின் செட்டிங்ஸில் குரல் பேச்சை நிறுத்துங்கள். காதில் மாட்டாமல், வெளியே கேட்கும்படி ஆடச் சொல்லுங்கள். தறி ஓடினாலும் ஒரு காது அங்கே இருக்கட்டும்.

4. குழுப் பணம் வரும் வங்கிக் கணக்கை, பிள்ளை ஆடும் செல்போனில் இணைக்காதீர்கள். ரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

5. யாராவது பிள்ளையிடம் ஆபாசமாகப் பேசினாலோ போட்டோ கேட்டாலோ அதை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரிடம் தவறான எண்ணத்தோடு அப்படி நடப்பது 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றத்தில் பணம் போனால் 1930. மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

கடைசியாக ஒன்று

நம் கூட்டமைப்பைச் சேர்ந்த இன்னொரு உறுப்பினரின் மகள், எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஆட்டத்தில் பழகிய ஒருவர் இலவசமாகக் காசும் உடையும் பரிசு கொடுத்து, பிறகு போட்டோ அனுப்பு என்று கேட்டிருக்கிறார். அனுப்பவில்லை. ஆனால் இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஏம்மா சொல்லலன்னு கேட்டால், "சொன்னா செல்ல புடுங்கிடுவீங்க, ஸ்கூலயும் நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

இதைக் கேட்டு நாங்கள் தலைகுனிந்தோம். அந்த ஆளை விடப் பெற்ற தாய்க்குத்தான் அந்தப் பெண் அதிகமாகப் பயந்திருக்கிறாள். கெட்டது காதில் விழுந்த குற்றத்துக்குப் பிள்ளையை அடித்தால், அடுத்த முறை அது நம்மிடம் வராது. மற்றவனிடம்தான் போகும்.

முதல் கதை சொன்ன சகோதரி இப்போது வாரத்தில் ஒரு நாள் இரவு மகன் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் வேஷம் எது, காட்டு" என்று கேட்கிறாராம். "எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அவன் விடாம சொல்றான், நான் கேட்டுக்கிறேன்" என்கிறார். அந்த டீம் அண்ணனை அவனே நீக்கிவிட்டான்.

அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் கடன் பேச்சு முடிந்ததும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஊக்குநர் இந்தக் கட்டுரையைச் சத்தமாகப் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்களும் கேட்கட்டும். ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உன்கூட ஆடுறது யாரு கண்ணு?" என்ன பதில் வந்தது என்பதை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பகிர்ந்துகொள்வோம்.