வீட்டில் எஸ்பிரெசோக் கோப்பி

இத்தாலியரின் எஸ்பிரெசோக் கோப்பிக்கு உயிர் அமுக்கமே. மிலான் நகரத்து அக்கில்லே காஜியா 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட நெம்புகோல் இயந்திரம், வெந்நீரை ஏறக்குறைய 9 பார், அதாவது 9 வளிமண்டல அமுக்கத்தில் தூளினூடு செலுத்திப் பொன்னிற நுரையை எழச் செய்தது. ஆகவே, மலிவான இயந்திரத்தின் பெட்டியிலே ‘15 பார்’ என்றிருப்பது கண்டு மயங்குதல் வேண்டா. 9 பாரே போதும்.

சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கைக் கொட்டை அரைக்கும் நல்ல பொறிக்கு ஒதுக்குதல் நன்று. 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் கோப்பி 25 முதல் 30 செக்கன்களில் வடிதல் வேண்டும். விரைந்து வடிந்து புளித்தால் தூளை நுண்ணியதாக அரையுங்கள். மெல்ல வடிந்து கசந்தால் சற்றுப் பருமனாக அரையுங்கள். இந்நுட்பம் அறிந்தவர்க்கு எளிய இயந்திரமும் நற்கோப்பி தரும். அறியாதார்க்கு விலையுயர்ந்ததும் தராது.