மாதிரி ரயிலையும் விடாத அகலப் பாதை

புதுதில்லி: இந்தியாவின் பழைய நீராவி என்ஜின்களை அளவு பிசகாமல் சிறு வடிவில் கட்ட முனைவோருக்கு முதல் இடையூறு பணம் அன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் எடுக்கப்பட்ட ஒரு முடிவுதான்.

ரயில் பாதை ஆறடி அகலம் இருக்க வேண்டும் என்றார் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி. கிழக்கிந்தியக் கம்பெனி ஐந்தரை அடிக்கு இசைந்தது. அதுவே இன்றைய 1,676 மி.மீ. அகலப் பாதை. ஐரோப்பா, அமெரிக்காவில் பெருவழக்கான பாதையோ 1,435 மி.மீ. உலகச் சந்தையில் மிகுதியாக விற்பனையாகும் 1:87 அளவு மாதிரி ரயில்களின் தண்டவாள இடைவெளி, அந்தப் பாதையை ஒட்டி 16.5 மி.மீ. என வகுக்கப்பட்டது. நமது அகலப் பாதையை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. பெரிய நிறுவனங்களின் வழக்கமான சரக்கில் இந்த அளவு இல்லை.

எனவே, பலரும் இந்திய என்ஜினின் உடலை அயல்நாட்டுத் தண்டவாளத்தின் மீதே ஏற்றி விடுகின்றனர். பக்கவாட்டில் பார்த்தால் குறை தெரியாது. முன்னே நின்று பார்த்தால், அகன்ற உடலின் கீழ்ச் சக்கரங்கள் ஒடுங்கி நிற்கும். பொம்மைக்கு இது போதும்; வரலாற்றுப் பதிவுக்குப் போதாது.

அரிதாகச் சிலர் கையாளும் கணக்கு வேறு. தண்டவாளத்தை மாற்றாமல் என்ஜினை 1:100 அளவில் கட்டினால், 1,676 மி.மீ. பாதை ஏறத்தாழ 16.8 மி.மீ. ஆகிவிடும். கடைத் தண்டவாளம் பொருந்தி விடுகிறது. ஆனால் 1:87 அளவில் விற்கும் பெட்டி, நிலையம், மனித உருவம் எதுவும் அதனருகே ஒத்துவராது. பெரும்பாலானவற்றைப் பித்தளைத் தகட்டில் வெட்டிப் பற்றவைக்க வேண்டும். உழைப்பு மிகுதி என்றாலும் இதுவே நேர்மையான வழி எனத் தோன்றுகிறது.

1870-ல் மேயோ பிரபு சிக்கனம் கருதிப் புகுத்திய மீட்டர் பாதைக்கு இத்தொல்லை இல்லை. சுவிட்சர்லாந்து மலை ரயில் மாதிரிகளுக்கான 12 மி.மீ. தண்டவாளமே அதற்கு ஏறக்குறையப் போதும்.

அகலப் பாதையில் நீராவி என்ஜின்களின் வழக்கமான சேவை 1995-ல் முடிவுற்றது. பெரும்பாலானவை பழைய இரும்பாக உடைக்கப்பட்டன. 1947-ல் அமெரிக்காவின் பால்ட்வின் நிறுவனம் கட்டிய 'டபிள்யூ.பி.' வகையின் 7200 எண் என்ஜின் பாதுகாக்கப்பட்டுள்ளது. எறிகுண்டு போன்ற அதன் முகப்பின் வளைவை அளவுநாடா கொண்டு நேரில் அளக்க இன்னும் வாய்ப்புண்டு.