விளையும் பயிரும் முளையும்

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. வகுப்பில் ஒரு பிள்ளை தயங்காமல் விடை சொன்னால் ஆசிரியர் இதைச் சொல்லி முதுகில் தட்டிக்கொடுப்பார். வேறொரு பிள்ளை தடுமாறினால் இதே பழமொழியைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார். ஆனால், முளையைப் பார்த்துப் பயிரை அறிவது அவ்வளவு எளிதா? அப்படி அறிய முடியும் என்று நம்பி, நான்கு வயதுக் குழந்தைகளைத் தேர்வு வைத்துத் தரம் பிரித்த ஒரு மாநகரத்தைப் பற்றி இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன். அமெரிக்காவிலுள்ள நியூயார்க் நகரமே அது.

மாணவச் செல்வங்களே! ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் முப்பது பேரும் ஒரே விரைவில் கற்பதில்லை. சிலர் ஆசிரியர் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துகொள்வர். பின்னர் அவர்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இராது. அத்தகைய பிள்ளைகளைத் தனியே ஒரு வகுப்பில் சேர்த்து, ஆழமாகவும் விரைவாகவும் கற்பித்தால் என்ன என்னும் எண்ணத்திலிருந்து பிறந்தவையே மீத்திறன் வகுப்புகள். அமெரிக்க நாட்டின் அரசுப் பள்ளிகள் பலவற்றில் இவை நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை. ஆனால் இடம் குறைவு. எனவே, யாரைச் சேர்ப்பது என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் கையில் எடுத்த கருவி, அறிவுத்திறன் அளவீடு. அதன் பிறப்பை அறிந்தால் வியப்படைவீர்கள். பிரான்சு நாட்டில் ஆல்பிரெட் பினே என்னும் உளநூல் அறிஞர், தியோடோர் சிமோன் என்பவருடன் சேர்ந்து 1905-ஆம் ஆண்டில் இதனை முதன்முதலாக வகுத்தார். படிப்பில் பின்தங்கிய குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்குத் தனி உதவி செய்வதே அவரது நோக்கம். கைகொடுத்துத் தூக்குவதற்காகச் செய்யப்பட்ட கருவி, கடல் கடந்து அமெரிக்காவுக்குச் சென்றபின் முன்னிற்பவரைப் பொறுக்கி எடுப்பதற்கும் பயன்படலாயிற்று.

அங்கே ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் 1916-ஆம் ஆண்டில் அவ்வளவீட்டைத் திருத்தி வெளியிட்டார். 1921-ஆம் ஆண்டு முதல், அதில் மிக உயர்ந்த எண் பெற்ற ஏறத்தாழ 1,500 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்நாள் முழுவதையும் கவனிக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவர்களுள் பலர் நன்றாக வாழ்ந்தனர். ஆயினும் நோபல் பரிசு பெற்றவர் ஒருவரும் இலர். அந்த ஆராய்ச்சிக்காகச் சோதிக்கப்பட்டு, எண் போதாது என்று விலக்கப்பட்ட சிறுவர் இருவர் பிற்காலத்தில் பௌதிகத்துக்காக நோபல் பரிசு பெற்றனர். ஒருவர், டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களுள் ஒருவராகி 1956-இல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லி. மற்றவர், 1968-இல் அப்பரிசைப் பெற்ற லூயிஸ் ஆல்வாரெஸ். முளையைப் பார்ப்பதில் எத்துணைப் பெரிய அறிஞரும் ஏமாறக்கூடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இனி நியூயார்க்குக்கு வருவோம். அமெரிக்க நாட்டின் கல்வி நிருவாகங்களுள் இதுவே மிகப் பெரியது. நகரம் 32 கல்வி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் கிடைத்த கணக்கின்படி, ஓர் ஆண்டில் அரசுப் பள்ளிகளின் பாலர் வகுப்பில் சேர்ந்த குழந்தைகள் ஏறத்தாழ 65,000 பேர். மீத்திறன் வகுப்புகளில் அவர்களுக்கு இருந்த இடங்களோ ஏறத்தாழ 2,500. அதாவது, இருபத்தாறு பேருக்கு ஓர் இடம்.

முற்காலத்தில் ஒவ்வொரு வட்டாரமும் தனக்குத் தோன்றிய முறையில் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து வந்தது. செல்வாக்குடையோர் சொல் எடுபடுகிறது என்னும் குறை இருந்தது. அதைப் போக்கக் கருதி, 2008-ஆம் ஆண்டில் நகரம் முழுவதற்கும் ஒரே தேர்வு, ஒரே தகுதி எண் என்று விதித்தனர். அத்தகுதி நூற்றுமானத்தில் சொல்லப்பட்டது. நூற்றுமானம் என்பது மதிப்பெண் அன்று. அதே வயதுடைய நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், எத்தனை பேருக்கு மேலாக ஒரு பிள்ளை நிற்கிறது என்பதே அது. 90 நூற்றுமானம் பெற்றால் வட்டார வகுப்புக்குத் தகுதி. 97 பெற்றால், நகரின் எல்லாப் பகுதிப் பிள்ளைகளையும் ஏற்கும் ஐந்து தனிப் பள்ளிகளுக்குத் தகுதி. ஆனால், தகுதி வேறு, இடம் வேறு. அந்த ஐந்து பள்ளிகளில் முன்பே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கையருக்கு முன்னுரிமை உண்டு. அது போக எஞ்சிய இடங்கள் 99 பெற்றவர்களுக்கே போதாமல் போயின. 97 பெற்ற குழந்தையின் தாய், தகுதிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட வேண்டியதாயிற்று.

விதி எல்லோருக்கும் ஒன்று, தேர்வும் ஒன்று. எனவே நீதி நிலைத்துவிட்டது என்று நினைப்பீர்கள். அந்நகரத்தில் வாழும் இரு தாய்மாரை மனக்கண்முன் நிறுத்திப் பாருங்கள். ஒருத்தி கற்றவள், வசதியுள்ளவள். குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போதே எந்த மாதத்தில் விண்ணப்பிக்க வேண்டும், எந்தப் பள்ளியை முதலில் எழுத வேண்டும் என்பதை விசாரித்து வைத்திருக்கிறாள். தேர்வுக்கான பயிற்சி நூல்களை வாங்குகிறாள். தனி ஆசிரியரையும் அமர்த்துகிறாள். மற்றொருத்தி அயல்நாட்டிலிருந்து குடியேறியவள். இரவெல்லாம் அலுவலகக் கட்டடங்களைத் துடைத்துவிட்டு விடியலில் வீடு திரும்புகிறாள். அவள் குழந்தை, தரையில் கிடக்கும் பொத்தான்களை நிறம் பிரித்து அடுக்கி விளையாடுகிறது. அந்த விளையாட்டுக்கு மீத்திறன் என்று ஒரு பெயர் உண்டென்பதையோ, அதற்கு ஒரு தேர்வு உண்டென்பதையோ அவளுக்குச் சொல்வார் யாரும் இல்லை.

தேர்வு நாளன்று முதற்குழந்தை வந்து அமர்கிறது. இரண்டாம் குழந்தை வரவேயில்லை. அங்கே அளக்கப்பட்டது குழந்தைகளின் திறன் மட்டுமா? பெற்றோரின் அறிவும் ஓய்வும் பணமும் அல்லவா சேர்த்து அளக்கப்பட்டன? முதல் தாயைக் குறை கூறுவதற்கில்லை. தன் குழந்தைக்கு நல்லது தேடுவது தாயின் இயல்பு. இருபத்தாறு பேருக்கு ஓர் இடம் என்று வைத்துவிட்டு, முண்டியடிக்காதே என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

விளைவு விரைவிலேயே தெரிந்தது. தகுதி பெற்ற பிள்ளைகள் போதிய அளவு இல்லையென்று, ஏழை மக்கள் வாழும் சில வட்டாரங்களில் மீத்திறன் வகுப்புகளே திறக்கப்படவில்லை. பிராங்ஸ், புரூக்ளின் பகுதிகளைச் சேர்ந்த நான்கு வட்டாரங்களில் பல ஆண்டுகள் ஒரு வகுப்புக்கூட இல்லாதிருந்து, 2016-ஆம் ஆண்டில்தான் மூன்றாம் வகுப்பிலிருந்து தொடங்கப்பட்டது. நீதிக்கென்று கொணர்ந்த விதியே ஏழைகளின் கதவை அடைத்தது. 2013-ஆம் ஆண்டில் வேறொரு துன்பமும் நேர்ந்தது. எண்களைக் கணக்கிட்டதில் பிழை புகுந்து, தகுதியுள்ள ஏறத்தாழ 2,700 பிள்ளைகள் தகுதியற்றவர் என்று முதலில் அறிவிக்கப்பட்டனர். பின்னர் பிழை திருத்தப்பட்டது. ஆனால், ஓர் எண்ணின் மேல் எத்தனை குடும்பங்களின் நம்பிக்கை தொங்கியது என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது.

2021-ஆம் ஆண்டில் நான்கு வயதுத் தேர்வு கைவிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில், அப்போதைய நகரத் தலைவர் பில் டி பிளாசியோ இவ்வகுப்புகளையே படிப்படியாக நீக்கப் போவதாக அறிவித்தார். பெற்றோர் இரு அணியாகப் பிரிந்தனர். குழந்தைகளைப் பிரிப்பதே தவறு என்றனர் ஒரு சாரார். தனிப்பள்ளிக்குப் பணம் கட்ட இயலாத எங்களுக்கு இருந்த ஒரே வழியையும் அடைக்கிறீர்களே என்றனர் மற்றவர். இருவர் பேச்சிலும் உண்மை இருந்தது. அடுத்து வந்த எரிக் ஆடம்ஸ், 2022-ஆம் ஆண்டில் வகுப்புகளை நீக்காமல் விரிவாக்கினார். பாலர் வகுப்பில் 100 இடங்களும் மூன்றாம் வகுப்பில் 1,000 இடங்களும் கூட்டப்பட்டன. பாலர் வகுப்புக்கு, மழலைப் பள்ளி ஆசிரியர் பரிந்துரைத்த பிள்ளைகளிடையே குலுக்கல் முறை வந்தது. மூன்றாம் வகுப்புக்கோ, ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டாம் வகுப்பில் முன்னிற்கும் பத்தில் ஒரு பங்கினர் விண்ணப்பிக்கத் தகுதியுடையோர் என்றாயிற்று. இவ்விரண்டாவது விதியைக் கூர்ந்து நோக்குங்கள். நகரின் முதல் பத்தில் ஒரு பங்கினர் அல்லர். ஒவ்வொரு பள்ளியிலும் பத்தில் ஒரு பங்கினர். எனவே, மிக ஏழ்மையான பள்ளியிலும் சில பிள்ளைகளையாவது தேடிப் பார்த்தே ஆகவேண்டும்.

இந்தத் தேடிப் பார்த்தலின் பயனைத் தெளிவாகக் காட்டிய சான்று ஒன்று அதே நாட்டின் புளோரிடா மாநிலத்தில் கிடைத்தது. அங்கே பெரிய கல்வி மாவட்டம் ஒன்றில், ஆசிரியரோ பெற்றோரோ பெயர் கொடுத்த பிள்ளைகளையே முன்பு சோதித்து வந்தனர். 2005-ஆம் ஆண்டில் முறையை மாற்றினர். இரண்டாம் வகுப்பில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒருவரையும் விடாமல், பள்ளியிலேயே ஒரு சிறு தேர்வை நடத்தினர். அதில் ஒளிர்ந்தவர்களை முழுச் சோதனைக்கு அனுப்பினர். தகுதி எண்ணை ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. பொருளியல் அறிஞர்களான டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதன் விளைவை ஆராய்ந்தனர். வசதி குறைந்த பிள்ளைகள் மீத்திறன் வகுப்புக்குத் தேர்வான விகிதம் 180 விழுக்காடு உயர்ந்திருந்தது. கறுப்பின மாணவரிடையே உயர்வு 80 விழுக்காடு. ஸ்பானிய வழியினரிடையே 130 விழுக்காடு. பின்னர்ப் பணமுடையால் அப்பொதுத் தேர்வு நிறுத்தப்பட்டபோது நிலைமை பழையபடி ஆயிற்று. அப்பிள்ளைகளின் திறன் முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. பார்க்கும் கண்தான் சில ஆண்டுகள் திறந்திருந்து மூடிக்கொண்டது.

இதையெல்லாம் படித்தபோது, எங்கோ உள்ள ஊரின் கதை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. நம் தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊரகத் திறனாய்வுத் தேர்வு என்று ஒன்று உண்டு. வருவாய் மாவட்டம் ஒன்றுக்கு 50 மாணவரும் 50 மாணவியரும் உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுவர். நான் ஒரு சிற்றூரில் தலைமையாசிரியனாய் இருந்தபோது, அத்தேர்வு பற்றிக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்தேன். அறிவிப்புப் பலகையிலும் எழுதச் செய்தேன். என் கடமை முடிந்தது என்று எண்ணினேன். பதினான்கு விண்ணப்பங்கள் வந்தன. கடைசி நாள் கழிந்த மறுவாரம், கணக்காசிரியர் என்னிடம் ஒரு மாணவியின் பெயரைச் சொல்லி, அவள் எழுதுகிறாளா என்று கேட்டார். அவள் பெயர் பட்டியலில் இல்லை. அழைத்து விசாரித்தேன். தாயும் தந்தையும் செங்கற்சூளை வேலைக்கு வெளியூர் போயிருந்தனர். வருமானச் சான்று வாங்கத் தாலுகா அலுவலகத்துக்குப் போக ஆள் இல்லை. பாட்டிக்கு வழி தெரியாது. “சொன்னால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள் என்று இருந்துவிட்டேன், ஐயா” என்றாள்.

பதினான்கு விண்ணப்பங்களையும் எடுத்து மீண்டும் பார்த்தேன். பதினான்கும் தாலுகா அலுவலகத்துக்கு வழி தெரிந்த வீடுகளிலிருந்து வந்தவை. நான் திறனைத் தேடவில்லை. தட்டியவருக்குக் கதவைத் திறந்திருந்தேன், அவ்வளவே. அடுத்த ஆண்டு முதல் வருகைப் பதிவேட்டை முன்னே வைத்துக்கொண்டு, முதற்பெயர் தொடங்கிக் கடைசிப் பெயர் வரை ஒவ்வொருவராக விசாரித்தோம். சான்று வாங்க ஆளில்லாத வீடுகளுக்கு ஓர் ஆசிரியர் துணை போனார். விண்ணப்பங்கள் இருமடங்குக்கு மேலாயின. ஆனால், அந்த மாணவிக்கு அந்த ஆண்டு திரும்பி வரவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்குப் பாடத்தில் பள்ளியின் முதல் மதிப்பெண் பெற்றாள். பின்னர் அவளும் குடும்பத்தோடு சூளைக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் பழைய பதிவேட்டின் நினைவு வரும்போதெல்லாம் அவள் பெயர் என் கண்முன் நிற்கிறது.

மாணவ மணிகளே! இவற்றிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை இரண்டு. ஏதேனும் ஒரு தேர்வு உங்களை விலக்கினால், அது உங்கள் வாழ்வின் முடிவுரை என்று நினையாதீர்கள். அன்று விலக்கப்பட்டவர் பட்டியலில் ஷாக்லியும் ஆல்வாரெசும் இருந்தனர். தேர்வு உங்களை ஏற்றால், உங்களோடு அமரத் தக்க ஒருவர் வராமலே போயிருக்கக்கூடும் என்பதை மறவாதீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தியைக் கண்டால், அதைக் காணாத தோழனிடம் சென்று சொல்லுங்கள். படிக்கத் தெரியாத அவன் தாய்க்கு விண்ணப்பத்தைப் படித்துக் காட்டுங்கள், நிரப்பிக் கொடுங்கள். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

நல்ல உழவன் நாற்றங்காலில் வரப்போரத்து நாற்றை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. சேற்றில் இறங்கி நடுவிலும் பார்க்கிறான், மூலையிலும் பார்க்கிறான். இன்று வாடியிருப்பது நாளை தண்ணீர் பாய்ந்தால் நிமிரும் என்பதும் அவனுக்குத் தெரியும். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்றவர்கள் பொய் சொல்லவில்லை. அது கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. வயலில் இறங்கியவனுக்கே தெரியும்.